அண்ணி நின்ற பக்கம்

பென்னலூரில் பஸ் ஏறினேன். பின் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பையன்கள். ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. தானாகக் காதில் விழுந்தது.

"எங்க அண்ணிய இருட்டுல தள்ளிட்டேன் மச்சான்."

"இன்னாடா ஒளர்ற? அவங்கதான் செத்துட்டாங்களே!"

"அண்ணன்கூட நின்ன போட்டோவுலடா. அண்ணன் மறுபடி கட்டிக்கப் போவுது. புதுசா வர்றவங்க பாக்கக் கூடாதுன்னுச்சு. ஓசி சாப்ட்வேர்ல ரா போட்டோ, அதான் கேமராவுலேர்ந்து அப்படியே வர்றது, அத எடிட் பண்ண இப்பதான கத்துக்கினு கீறேன், ஆள அழிக்கத் தெரியல. அவங்க நின்ன பக்கத்தக் கறுப்பாக்கிட்டேன்."

"பெரிய ஆளுதான்."

"அண்ணன் பொண்ணு அந்தக் கறுப்பத் தொட்டு 'அம்மா'ன்றா. இவ கைக்கொழந்தையா இருக்கச்சே போனவங்க, மூஞ்சே தெரியாது அவளுக்கு."

"அந்தப் பக்கத்தையே வெட்டிடு."

"வெட்டி, பிரேம் போட்டு மாட்டிட்டேன்."

"அப்ப சரியாப் போச்சுல்ல?"

"இப்ப அவ பிரேமுக்கு வெளிய, அண்ணி நின்ன பக்கத்துச் செவுத்தத் தடவிக்கினு சிரிக்கிறா."