சேர்மன் என்ற ஆடு

எங்கள் வீட்டுக் கீரையைப் போல ஒரு கீரை அந்தத் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். உகாலிக் களியைக் கிளறி இறக்கிவிட்டுத்தான் என் மனைவி ரோடா கொல்லைக்குப் போய்க் கீரை பறிப்பாள். அவ்வளவு இளசு, இரண்டு கொதியில் வெந்துவிடும். அதைத்தான் அந்த ஆடு தின்றது. கீரைக்காக ஒருவனைக் கொல்வார்களா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கொல்ல மாட்டார்கள். நானும் அவன்மேல் கை வைக்கவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் முன்பு ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி இருந்தாள். இருமினால்கூடக் கேட்காது. அவள் மகனோடு மொம்பாசாவுக்குப் போனதும் வீட்டுக்காரன் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வரைக் குடிவைத்தான். வந்த அன்றே ஆளுயர ஸ்பீக்கர்களை இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை தொடங்கினால் ஞாயிறு வரை எங்கள் ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கும். மதிலோரம் கறி சுடுவார்கள். புகை அத்தனையும் எங்கள் கொடித் துணியில். அந்தச் சட்டையோடு நான் சர்ச்சுக்குப் போனால் தெரு நாய்கள் பக்தியோடு பின்னால் வரும்.

முறைப்படி பேசத்தான் போனேன். கதவைத் திறந்தவன் சிமியு. நால்வரில் உயரமானவன், வாய் நீளமும் அவனுக்குத்தான். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் சேர்மன் என்று சொன்னேன்.

"அப்படியா சேர்மன் ஐயா, உள்ள வாங்க. தொடைக்கறி இருக்கு. கோவமா வர்றவங்களுக்குத்தான் நாங்க தொடை எடுத்து வைக்கிறது."

உள்ளேயிருந்து மற்ற மூவரும் சிரித்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். அவன் பின்னாலேயே வந்து கறியைக் காகிதத்தில் சுற்றி மதிலுக்கு மேலாக நீட்டினான். ரோடாவும் என் மகள் நீமாவும் அதைச் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள்.

பாட்டுக்குப் பாட்டு என்று நானும் சும்மா இருக்கவில்லை. சர்ச் பாடகர் குழுவின் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து அவர்கள் சுவரைப் பார்க்க வைத்து, விடிந்ததும் துதிப்பாடல் போட்டேன். குடித்துவிட்டுப் படுத்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஓடித்தான் வந்தார்கள், ஆடுவதற்கு. சிமியு கனத்த கீழ்க்குரலில் சேர்ந்து பாடினான். தெருப் பெண்கள் மதிலோரம் நின்று கைதட்டினார்கள். "நீமா அப்பா, அந்தப் பையனை நம்ம குழுவுல சேர்த்துக்குங்க, நம்ம ஆளுங்க யாருக்கும் இப்படிக் குரல் இல்லை" என்றாள் ஒருத்தி. பன்னிரண்டு வருடமாக அந்தக் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவன் நான்.

பிறகு மதில்மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தேன். அவர்கள் யாரோ ஒருவனின் பட்டமளிப்பு விருந்துக்கென்று ஒரு ஆடு வாங்கினார்கள். தாடி வைத்த ஆடு. அதற்குச் சேர்மன் என்று பெயர் வைத்தார்கள்.

"சேர்மன், கத்தாதீங்க, கூட்டம் இன்னும் ஆரம்பிக்கலை." "சேர்மனுக்குப் புல்லு போடுங்கடா, இல்லைன்னா தீர்மானம் போட்டுடுவாரு." காலை முதல் மாலை வரை இதேதான். கேட் திறந்திருந்த ஒரு நாள் ஆடு எங்கள் கொல்லைக்குள் வந்து பாத்தி முழுவதையும் மேய்ந்தது. சிமியு வந்து மன்னிப்புக் கேட்டான், ஆட்டின் தலையையும் பிடித்துக் குனிய வைத்தான். ரோடா சிரித்த சிரிப்பில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீமா ஆட்டின் தாடியைத் தடவி, "அப்பா, சேர்மன் உங்க மாதிரியே மெல்லுறார்" என்றாள். ஏழு வயதுப் பிள்ளை. அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் சிமியுதான். என் வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். எனக்கு வலித்தது. நான் ஒன்றும் மரக்கட்டை இல்லை.

விசில் விஷயம் உங்களுக்குத் தெரியும். தெருவில் திருட்டு அதிகமானபோது வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம், என் யோசனைதான். முனையில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆட்களிடமும் சொல்லிவைத்தோம். விசில் கேட்டால் என்ன ஏது என்று கேட்டு நிற்காமல் ஓடிவர வேண்டும். ஈஸ்டருக்கு முன்னால் ரேடியோ திருடியவன் ஒருவன் சிக்கினான். அவனில் மிஞ்சியதை அள்ளிக்கொண்டு போனது நீங்கள்தான். ஆகவே விசில் ஊதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆடு மறுபடியும் தானாக வந்தது என்று முன்பு சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் சனிக்கிழமை பின்னிரவில் அவர்கள் குடித்துவிட்டுத் தூங்கியபோது நான்தான் அவிழ்த்துக் கொண்டுவந்தேன். கொல்லையில் கட்டிவிட்டு, தெருப்பக்க மூலையில் மதில்மேல் இருந்த சில்லுகளைத் தட்டி எடுத்துத் துடைத்தும் வைத்தேன். பையனின் கை கிழிந்துவிடக் கூடாதே.

ஞாயிறு காலை மற்ற மூவரும் பந்தாட்டம் பார்க்கப் போய்விட்டார்கள். அவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சர்ச்சில். ஞாயிறன்று முனையில் வண்டியோடு நிற்பவர்கள் வேறு தெரு ஆட்கள். ரோடாவும் போய்விட்டாள். நீமாவுக்கு இருமல் என்று வீட்டில் விட்டுப்போனாள், அதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. நானே கேட்டைப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

"சேர்மன் ஐயா, எங்க சேர்மன் அங்க வந்திருக்காரா? குரல் கேக்குதே."

"வந்திருக்கார். கேட் சாவியை ரோடா எடுத்துட்டுப் போயிட்டா. தெருப் பக்கமா மூலையில ஏறி வா தம்பி, அங்க கண்ணாடி இல்லை. அப்படியே தூக்கிட்டுப் போயிடு."

தம்பி என்று அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏறி வந்தான். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "ரொம்ப நன்றி ஐயா. நீங்க நல்லவர்னு இவனுங்ககிட்ட நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், கேக்க மாட்டேங்கிறானுங்க" என்றான். மதில்மேல் ஏறி, ஒரு கால் தெருப்பக்கம் தொங்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஊதினேன்.

நொடியில் வந்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. முதலில் அவன் சிரித்தான். இதையும் விளையாட்டு என்றுதான் நினைத்திருக்கிறான். காலைப் பிடித்து இழுத்தபோது, "அண்ணே, இருங்க, இது என் ஆடுண்ணே. சேர்மன் ஐயா, சொல்லுங்க இவங்ககிட்ட" என்றான். நான் கேட்டைத் திறந்து வெளியே வந்தேன். நியாயம் பேசத் தெரிந்த ஒருவன் அவர்களிலும் இருந்தான். கையை ஓங்கியவன் என்னைப் பார்த்து நின்றான்.

"சேர்மன், இவனை உங்களுக்குத் தெரியுமா?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "என் வீட்டுக்குள்ள இருந்துதான் வந்தான்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அப்போதுதான் நீமா இரவு உடையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். "சிமி அண்ணா! அது எங்க சிமி அ..." என்று தொடங்கினாள். தூக்கிக்கொண்டேன். வாயைப் பொத்தி, பேசாதே என்றேன். கல் பறக்கிற இடத்தில் குழந்தை நிற்கலாமா? எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான். விரலைக் கடித்தாள், நான் விடவில்லை. அவன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க முடிந்தவரை பார்த்துக்கொண்டிருந்தான். உங்கள் வண்டி வந்தபோது உங்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

அவன் அம்மா பங்கோமாவிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அவன்மேல் துணி போர்த்தியது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். மற்ற மூவரும் வீட்டைக் காலி செய்தார்கள்.

நீமா படத்தில் வரைந்து காட்டியதைத்தான் ரோடா உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள், தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளை ஏன் வரைந்து காட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று அவள் வாயிலிருந்து நான் கையை எடுத்த பிறகு இன்றுவரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. மருத்துவர் என்னென்னவோ சொல்கிறார். எனக்குத் தெரியும். என் மகள் நல்ல பிள்ளை, அப்பா சொன்னால் கேட்பாள்.