வேரில் குடியில்லை

"எங்க கொள்ளுச் செடியில இப்ப யாரும் குடியில்லக்கா."

போச்சம்பள்ளிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தோம். முன் சீட்டுப் பெண் சொன்ன இந்தப் பேச்சு என்னை எழுப்பிவிட்டது. அவள் சாப்பாட்டுப் பையிலிருந்து, கொள்ளுக் காட்டில் பிடுங்கிய ஒரு செடியை எடுத்து வேரைக் காட்டினாள். கூட வேலை பார்க்கும் உசிலம்பட்டி அக்கா கொட்டாவி விட்டபடி பார்த்தார்.

"யாருடி குடியிருக்கணும்?"

"கண்ணுக்குத் தெரியாத உசுருங்கக்கா. வேருல முடிச்சு முடிச்சா இருக்கும். காத்துல இருக்கற சத்தை எடுத்துச் செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குச் சோறு போடும். நாங்க யூரியாவாக் கொட்டினோம். சத்து சும்மாவே கிடைக்கவும் செடி சோறு போடறத நிறுத்திடுச்சு."

"யூரியாவ விட்டுற வேண்டியதுதான."

"விட்டாச்சுங்கக்கா. முடிச்சு வரல. முன்னல்லாம் மழை பொய்ச்சாலும் கொள்ளு நிக்கும். இப்ப நாலு நாள் வெயிலுக்கே வதங்குது. இந்தத் தடவையும் போச்சுன்னா நிலத்தை வித்துடலாங்கறாரு எங்கப்பா."

"போன உசுரு திரும்பி வராதாடி?"

"நீங்க ஏங்க்கா ஊரை விட்டு வந்தீங்க?"

"மழையில்ல. சோத்துக்கு வழியில்ல. வந்துட்டேன்."

"இப்ப மழை பேஞ்சா திரும்பிப் போவீங்களா?"

பஸ் கம்பெனி கேட்டில் நின்றது. எல்லோரும் எழுந்தோம். அக்கா கழுத்திலிருந்த ஐடி கார்டை நேராக்கிக்கொண்டார்.

"அங்கிட்டு இப்ப யாரு இருக்கா, போறதுக்கு."