ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுதியவன்

உங்கள் எழுத்தர் பேனாவை ரொம்ப அழுத்திப் பிடிக்கிறார், ஐயா. இப்படியே எழுதினால் சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் மரத்துப்போகும். கொஞ்சம் தளர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். நான் நிதானமாகத்தான் சொல்லப்போகிறேன்.

இருபத்து மூன்று வருடமாக அந்த நடிகருக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் நான்தான் பதில் எழுதினேன். அவர் எழுத்தில், அவர் கையெழுத்தோடு. அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஓர் அறை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சாக்குப்பை நிறையக் கடிதங்கள்.

நான் அவருடைய ரசிகன் இல்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ரசிகர்கள் என்னென்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். தன் பல்லைப் பிடுங்கி உறையில் போட்டு அனுப்பியவர் உண்டு. படம் ஓடாத வாரம் முழுக்கப் பட்டினி கிடந்து, அதைப் பெருமையாக எழுதிய கணக்கு வாத்தியார் உண்டு. பெற்ற தகப்பன் படுத்த படுக்கையாகக் கிடந்தால் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நடிகருக்கு ஜலதோஷம் என்றால் நான்கு பக்கத்துக்கு அழுவார்கள். எனக்கு அந்தக் கிறுக்கு கிடையாது. அவர் இடது தோளைத் தூக்கி நடப்பதும், ‘ர’ எழுதும்போது காலைக் கீழே இழுத்துவிடுவதும், காலையில் மூன்று முறை தொண்டையைச் செருமுவதும் எனக்குத் தெரியும் என்றால், அது வேலைக்காகத் தெரிந்துகொண்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் வேலைதான் காரணம்.

லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றிக் கேட்டீர்கள். பதினோரு வருடம், வாரம் ஒரு கடிதம். மகள் பிறந்தபோது நடிகர்தான் பேர் வைக்க வேண்டும் என்று எழுதினார். நல்ல பேராகப் பார்த்து நான் வைத்தேன். பிறகு ஒருநாள் அவர் மனைவி, “உனக்கு நான் வேணுமா, அந்த ஆளு வேணுமா?” என்று கேட்டிருக்கிறாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நடிகரிடமே கேட்டு எழுதினார். நான் நாலு வரி எழுதிப் போட்டேன். அடுத்த கடிதத்தில், அவள் போய்விட்டாள் என்றும் உங்கள் அன்பு ஒன்றே போதும் என்றும் எழுதியிருந்தார்.

போன வருடம் நடிகருக்கு நாற்பதாம் ஆண்டு விழா நடந்தது. மேடையில் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார், சமையல்காரருக்குச் சொன்னார், நாய்க்கும் சொன்னார். எனக்குச் சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்து, வரிசையில் நின்று நானே அவர் முன்னால் போனேன். அவர் சிரித்தார். என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, என் கையிலிருந்த அழைப்பிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“ரொம்ப தூரத்துல இருந்து வர்றீங்களா? சாப்பிட்டுட்டுப் போங்க.”

“ஐயா, நான் மாடிப்படிக்குக் கீழ...” என்று ஆரம்பித்தேன்.

“நகருங்க, நகருங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க” என்று காவலாளி என்னைத் தள்ளிவிட்டான்.

என்னை ரசிகன் என்று நினைத்துவிட்டார், ஐயா. அந்தக் கையெழுத்தில் ‘ர’வின் கால் மொண்ணையாக இருந்தது. அவர் கையெழுத்து அவருக்கே மறந்துவிட்டது.

திங்கட்கிழமை மேலாளர் வந்தார். “இனிமே அச்சடிச்ச அட்டையே போதும் சார். மாசக் கடைசியில அறையைக் காலி பண்ணிடுங்க” என்றார். இதை மறைக்கப்போவதில்லை. நடிகரைச் சும்மா விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வழக்கம்போல நடிகர் எழுதுவதாகவே மெக்கானிக்குக்கு நான்கு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில், என்னைச் சுற்றி ஏதோ நடக்கிறது என்று மட்டும். இரண்டாவதில், என்னைப் போலவே ஒருவனைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டார்கள் என்று. மூன்றாவதில், நான் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் கிடக்கிறேன், அங்கிருந்துதான் உனக்கு இத்தனை நாளும் எழுதுகிறேன் என்று. அதில் பொய்யென்று பெரிதாக ஒன்றுமில்லை. நான்காவதில், சந்தேகமாக இருந்தால் உன் மகளுக்கு நான் வைத்த பேரை அவனிடம் கேட்டுப் பார், பிறகு என் உயிர் உன் கையில் என்று எழுதினேன். கொல்லு என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பதினோரு வருடம் என் எழுத்தைப் படித்த ஆளுக்கு அதெல்லாம் எழுத வேண்டியதில்லை.

பிறகு வீட்டு லிஃப்டின் கதவிடுக்கில் ஒரு சாவியைச் செருகி வைத்தேன். லிஃப்ட் நின்றது. நல்ல மெக்கானிக் ஒருவரைத் தெரியும் என்று மேலாளரிடம் சொன்னேன்.

காலை பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். அப்போது நான் என் அறையில் உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். மேலே பேச்சு கேட்டது, அப்புறம் சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஸ்பேனர், சட்டையெல்லாம் ரத்தம்.

“அவரு எங்கங்க? காப்பாத்த வந்திருக்கேன்” என்றார்.

அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். மேசையிலிருந்த தாளில் இருந்த எழுத்தைப் பார்த்தார். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் போலீஸ்காரர்கள் வந்துதான் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தார்.

எல்லாம் நான் செய்ததுதான். எங்கே வேண்டுமானாலும் ஒப்பமிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். நேற்றுச் சமையல்காரர் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். தன் மகள் பேர் என்ன என்று மெக்கானிக் கேட்டதற்கு நடிகர் முழித்தாராம். எனக்குக் கடிதம் எழுதினது நீங்கள் இல்லையா என்று கேட்டதும், “நான் எங்கப்பா எழுதினேன்? மாடிப்படிக்குக் கீழ ஒருத்தர் இருக்காரு, அவருதான் எல்லாத்தையும் எழுதுவாரு. என்னைவிட நல்லா எழுதுவாரு” என்றாராம்.

அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கிறீர்களா, ஐயா? கொஞ்சம் மெதுவாக.