கிருஷ்ணஸ்வாமியின் கடல் ஒத்திகை

புனேயில் எல்லாம் கிடைக்கும், கடல் மட்டும் கிடையாது. என் வீட்டுக்காரர் கிருஷ்ணஸ்வாமி இதை ஊர் மேல் ஒரு புகாராகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ரவிசந்திரன் சார், நீங்களும் இதே புனேயில், கட்கியில் பிறந்த தமிழர் என்பதால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

2005-ல் ஏதோ பத்திரிகையில், வெளிநாட்டில் இறந்தவர்களைக் கித்தானில் தைத்துக் கடலில் இறக்குகிறார்கள் என்று படித்தார். பிடித்துக்கொண்டது. "விறகு வேண்டாம், வாத்தியார் வேண்டாம், பத்து நாள் உக்காந்து சாப்பிட உன் தம்பி விச்சுவும் வேண்டாம்."

தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்து ரிடையரானவர். சோதிக்காமல் எதையும் பாஸ் செய்ய மாட்டார். என் ரசத்தை முப்பது வருஷம் சோதித்தார், பாஸாகவில்லை. ஆகவே தன் சாவுக்கும் ஒத்திகை வேண்டும் என்றார்.

"நீ சொதப்பிடுவேடி. நான் இருக்கறச்சேயே ஒரு தடவை பண்ணிப் பாத்துடணும்."

"இருக்கறச்சேயேவா?"

"பின்னே? செத்தப்பறம் வந்து தப்பு கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

உயிரோடு இருப்பவர்களுக்குக் காரியம் செய்வதில் அவருக்கு முன் அனுபவமும் உண்டு. எங்கள் ஒரே பெண் ப்ரியம்வதா, கூட வேலை பார்த்த மராட்டிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று அவளுக்குத் தலை முழுகினார். வெந்நீர் விளாவிக் கொடுத்தது நான்தான். அவள் இருப்பது மகர்பட்டாவில். பஸ்ஸில் ஒரு மணி நேரம். மூன்று வருஷமாக நான் போனதில்லை.

2006 பிப்ரவரியில் போன் செய்தாள். "அம்மா, ஏப்ரல் பத்து டெலிவரி டேட். பிரஷர் ஜாஸ்தியா இருக்குன்னு டாக்டர் சொல்றார். பயமா இருக்கும்மா. வருவியா?"

அவரிடம் கேட்டேன். பேப்பரை இறக்காமலே சொன்னார். "போயேன். திரும்பி மட்டும் வராதே. உனக்கும் சேத்து ஒரு முழுக்குப் போட்டுடறேன். பக்கெட் அங்கேதானே இருக்கு."

ஏப்ரல் எட்டாம் தேதி ஒத்திகை வைத்தோம். கேம்ப் கடைத்தெருவில் கித்தான் வாங்கி நான்தான் தைத்தேன். தையல் கோணல் என்று மூன்று முறை பிரிக்கச் சொன்னார், பிரித்துத் தைத்தேன். பழைய இரும்புக் கடையில் நாற்பது கிலோ எடைக்கல் வாங்கினோம். வெறும் மூட்டையை இறக்கிப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். "லோடு இல்லாத டெஸ்ட், டெஸ்ட்டே இல்லை" என்றார்.

அலிபாக் கடற்கரைப் பக்கம் ஒரு மீன்பிடிப் படகு. காலை ஒன்பது மணி, நல்ல வெயில். திட்டம் முழுக்க அவருடையது. மூட்டை பலகையில் சறுக்கும். கால் தண்ணீரில் பட்டதும் கயிறு பிடித்து நிறுத்தும். பிறகு மேலே இழுத்துவிட வேண்டும். கயிற்றின் ஒரு முனை மூட்டைக்குள் அவர் இடுப்பில், மறுமுனையைப் படகில் கட்டுவது என் பொறுப்பு.

"கட்டியாச்சா?" என்றார் உள்ளேயிருந்து.

"கட்டியாச்சு."

கட்டவில்லை.

பலகையில் பாதி தூரம் போனதும் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார். பரிசோதனைக்காரர் அல்லவா. "விசாலம், கயிறு கையோட வரதுடி. நிறுத்து, நிறுத்தச் சொல்லுடி."

படகுக்காரர் மூட்டையைப் பிடித்துக்கொண்டார். "மாவ்ஷி, சாஹேப் காய் போல்தாத்?" ஐயா என்ன சொல்கிறார் என்று மராட்டியில் கேட்கிறார், பாவம்.

இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் மராட்டி கற்கவில்லை. காய்கறிக்காரியிலிருந்து பல் டாக்டர் வரை அவருக்காகப் பேசுவது நான்தான். அன்றும் பேசினேன். சீக்கிரம் தள்ளச் சொல்கிறார் என்றேன்.

தள்ளினார். அப்புறம் அவரே குதித்துத் தேடவும் செய்தார். நல்ல மனிதர், அவர் மேல் வழக்குப் போடாதீர்கள். அங்கே போலீசார் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பத்தாம் தேதி பேத்தி பிறந்தாள். ப்ரியம்வதாவிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்பா எப்படிம்மா உன்னை விட்டார்? கத்தலையா?"

"அவர் ஒண்ணும் சொல்லலைடி" என்றேன்.

பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாராவது பொய் சொல்வார்களா, சார்.