ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது கோப்பு

நர்ஸ் பம்பின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். "ஏன் இது கத்தவே இல்ல? ஏன் கத்தல?" அந்த நேரத்தில் நான் கட்டிலுக்கு அடியில் கிடந்த அண்ணனின் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். எது கோணலாக இருந்தாலும் எனக்குப் பிடிக்காது, சார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் வேலையும் அந்த ரகம்தான்.

மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் ஏற்றும் அந்தப் பம்பை இயக்குவது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், சொன்ன நிபந்தனைக்கு உட்பட்டு. அது எந்த உரிமத்தின் நிபந்தனை என்பது ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் இருக்கும். பம்புக்கு அந்த வரி தேவையே இல்லை. ஆனால் உரிமங்களின் அடையாளப் பெயர்கள் அவ்வப்போது மாறும். பழையதை எடுத்துப் புதியதைப் போட ஓர் ஆள் வேண்டும். ஒன்பது வருடமாக அந்த ஆள் நான். நான் போடும் மாற்றங்களை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. லேபிள்தானே என்று அனுமதித்துவிடுவார்கள்.

அண்ணன் எழுதியது ஒரே ஒரு கோப்பு. குழாயில் காற்று நுழைந்தால் பம்பை நிறுத்தி அலாரம் அடிக்க வைப்பது. அந்தக் காற்று ரத்தத்துக்குள் போனால் உயிரே போய்விடும். அதற்கு மேடை, கைத்தட்டல், பத்திரிகையில் படம். வீட்டுக்கு வந்தவர்கள் என்னைக் காட்டி, "தம்பி என்ன பண்றாரு?" என்று கேட்டால், "அவனா? நான் செஞ்ச டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுறான்" என்பார்.

அண்ணி விடமாட்டார். "தம்பி, எங்க ஃப்ரிட்ஜுக்கும் கொஞ்சம் ஒட்டிட்டுப் போங்க. எது எப்ப வச்சதுன்னே தெரியல."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கோபமெல்லாம் இல்லை, சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் ஒரு பழைய உரிமத்தின் அடையாளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 'இந்தப் பதிப்பு மட்டும்' என்று ஒன்று, 'இதுவோ இதற்குப் பிந்தியதோ' என்று மற்றொன்று. கோப்பு எழுதிய எங்கள் ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பிந்தியதற்குத்தான். ஆயிரத்து நானூற்றுப் பதினோரு கோப்புகளில் அதையே போட்டேன். அண்ணனின் கோப்பில் மட்டும் 'மட்டும்'.

பம்பு செய்யும் கம்பெனியின் அனுமதிப் பட்டியலில் அந்த 'மட்டும்' கிடையாது. பட்டியலில் இல்லாத உரிமம் உள்ள கோப்பை அவர்களுடைய சோதனை மென்பொருள் தானாகவே வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்துவிடும். காற்று நுழைந்தாலும் பம்பு வழக்கம்போல ஓடும், ஆனால் கத்த வாய் இருக்காது. அவர்கள் விதிமுறையை முழுக்கப் படித்தவன் அனேகமாக நான் ஒருவன்தான்.

என் ஆசை ரொம்பச் சின்னது. யாராவது ஒருவர் பார்த்துவிட்டு, "என்னப்பா இது?" என்று என்னைக் கேட்க வேண்டும். ஒட்டுகிற கை நடுங்கினால் என்ன ஆகும் என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும். காத்திருந்தேன். மென்பொருளின் புதிய பதிப்பு வெளியானது. ஆஸ்பத்திரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் அண்ணனுக்குக் குடலில் ஆபரேஷன். கழுத்தில் குழாய், பக்கத்தில் பம்பு. திரையின் மூலையில் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். எங்களுடைய புதியது.

மத்தியானம் அண்ணி டீ குடிக்கக் கீழே போனார். அண்ணன் கண் சொருகியபடியே சொன்னார்: "நீ ஏன்டா முழிச்சு முழிச்சுப் பாக்குறே? என் அலாரம்டா இது. ஒரு குமிழி வந்தாலும் மாடி முழுக்க எழுப்பிடும். போய்ச் சாப்பிடு."

நான் போகவில்லை. மருந்துப் பை காலியானது. குழாயில் முதலில் ஒரு குமிழி, பிறகு விரல் நீளத்துக்கு வெறுமை. அழைப்பு மணி என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அலாரம் அடிக்காது என்று தெரியும். இருந்தாலும் அடிக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை வேறு யாராவது சரி செய்திருக்கலாம், இல்லையா? அப்படி இருந்தால் என் வேலையை ஒருவராவது படித்தார் என்றாகும்.

அடிக்கவில்லை. அண்ணி திரும்பி வந்தபோது, "தம்பி, இவரு ஏன் இப்படி இருக்காரு?" என்றார். குனிந்து செருப்பைத் தேடினேன்.

யாருமே படிக்கவில்லை என்பதுதான் என் தரப்பு. அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் போனை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள், எப்படியும் பார்ப்பீர்கள். பதிப்பு வெளியாவதற்கு நான்கு நாள் முன்பு அண்ணனிடமிருந்து வந்த செய்தி அதில் இருக்கிறது.

"டேய் ஸ்டிக்கர், என் கோப்புல 'மட்டும்'னு போட்டிருக்கே. ஒன்பது வருஷமா உன் மாற்றம் ஒண்ணு விடாம படிக்கிறேன், இதுதான் முதல் தப்பு. திருத்திடு."

அதற்குக் கீழே என் பதில் இருக்கும்.

"திருத்திட்டேன்ணா."