வேற ஊரு தண்ணி

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயில் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு எதிரே ஜன்னலோரம் ஒரு கல்லூரிப் பெண். வெளியே பிளாட்பாரத்தில், கம்பெனி யூனிஃபார்மில் அவள் அப்பா.

“ஆராய்ச்சிக்கு வேற ஊரு தண்ணிய எடுக்கக் கூடாதாம்மா?” என்றார்.

“சொந்த ஊருக்கு உபயோகமா பண்றேன்னுதான், நைனா, யுனிவர்சிட்டில ஸ்காலர்ஷிப்பே குடுத்தாங்க. முடிவ ஊர்ல கூட்டம் போட்டு நானே சொல்லணும். அதுக்குப் பேரு லீடர்ஷிப்பாம்.”

“கூட்டத்துல இன்னான்னு சொல்லுவ?”

“நம்ம தெரு போர் தண்ணில கம்பெனிக் கழிவு கலக்குதுன்னு.”

“எந்தக் கம்பெனி?”

“உன் கம்பெனிதான் நைனா.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கம்மா. தண்ணி நல்லாகீதுன்னு சொல்லிடு.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“நீ படிச்சு முடிக்கிற வரைக்கும்தான்.”

அவள் “சரி” என்றாள். அது என் காதில் விழுந்திருக்க வேண்டாம்.

ரயில் நகர்ந்தது. அவர் கம்பியை விடாமல் கூடவே நடந்தார்.

“அம்மாவ அந்தத் தண்ணிய குடிக்க வேணாம்னு நீ போன்ல சொல்லிடு. நான் சொன்னா ஏன்னு கேப்பா.”