எந்தப் பேருல சேத்து வெச்சேன்

ஒன் மீன்பிடிப் போட்டுப் பேப்பரக் காணல. அவ்வளவுதான். உக்காருலே டெரன்ஸ். மொறச்சா வந்துருமா?

ஒரிஜினல மழையில நனைய விட்டது நீ. அப்பளமாப் போச்சு. மிச்சம் நான் ஸ்கேன் பண்ணி வெச்சதுதான். இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள எங்கனயோ கெடக்கு. அஞ்சு மணிக்குள்ள மீன்துறை ஆபீசுல காட்டலேன்னா டோக்கன் கெடையாது, நாளைக்கு மீன்பிடித் தடை முடிஞ்சு ஊரே கடலுக்குப் போவும், ஒன் ஆளுக எட்டுப் பேரும் கரையில உக்காந்து சீட்டாடுவானுவ. தெரியும்லே. பத்துவாட்டி சொல்லிட்ட.

இது லினக்ஸ். கறுப்புத் திரை. நாமதான் அடிக்கணும். find . -name "*terence*"... ம்ஹூம். இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுதா பாரு! தொரைக்கு வாய் வலிக்கும்.

அந்தப் புள்ளி இருக்குல்லா, நிக்கிற எடத்துலயிருந்து கீழ மட்டும் தேடுன்னு அர்த்தம். அதுக்குப் பதிலா ஒரு சாய்கோடு போட்டா பெட்டி பூராத் தேடும். போட்டேன். Permission denied... Permission denied... எம்பெட்டி, எனக்கே அனுமதி இல்லியாம்! ஹார்பர் கேட்டுல நிக்க மாதிரில்லா இருக்கு.

என்ன, போட்டுப் பேரப் போடவா? அடடா, என்னா மூளை. "*antony*". இந்தா, நூத்தி நாப்பது வந்து குமிஞ்சிட்டு. திரேஸ்புரத்துல பாதிப் போட்டு அந்தோணியாரு. வேற புனிதரே கெடைக்கலியாலே ஒங்களுக்கு? எல்லாத்தையும் பாத்தாச்சு. ஒன்னுது இல்ல.

வாம்மா கிளாடிஸ். ஒன் வீட்டுக்காரரு இங்கனதான் முழிச்சிட்டு இருக்காரு... என்னது? ஊருல கூப்புடுத பேரா?... ஏம்மா, மெதுவா! அவன் முன்னால அத எப்படி அடிக்க?... சரி. ஏலே, அந்தப் பக்கம் திரும்பு. திரும்புலேங்கேன்!

find / -iname "*kanavai*.pdf"

...வந்துட்டு.

என்ன மொறைக்க? ஒன்ன எவம்லே டெரன்ஸுங்கான்? ஏதாவது கேட்டா கணவாய் மீனு மாதிரி மையக் கக்கிட்டு நழுவிருவ. ஊரே கணவாய்னுதான் சொல்லுது. என் கையும் பழக்கத்துல அதையே அடிச்சு வெச்சிருக்கு. ஆமா, நாந்தான். ஒன் மூஞ்சிய முன்னால வெச்சிக்கிட்டு அந்தப் பட்டப்பேரு ஞாவகத்துக்கு வரமாட்டேன்னுட்டு.

மணி நாலே கால். பிரிண்ட்டப் புடி. ஓடு. எனக்கு நன்றியெல்லாம் வேண்டாம். எடுத்துக் குடுத்தது கிளாடிஸ்.